தலைக்கு இவ்வளவு

மார்த்தாண்டம் மேம்பாலத்தின் உயரத்தில் எங்கள் ஜன்னல்.
நாகர்கோவில் பஸ்ஸில் போகிறவர்கள்
நேருக்கு நேர் எங்கள் திரைகளைப் பார்த்துக்கொண்டு போவார்கள்.
கீழே ரப்பர் ஷீட்டு மொத்தக் கடை.
மழை பிடித்தால் அந்தப் புளித்த வாடை படியேறி வந்து
என் கணக்கு மேசையில் உட்காரும்.

புதிய தளம் வேண்டும் என்று கேட்டவன் ஷிபின்.
பழையதில் ஒன்பது நாள் பிடிக்கும் வேலையை,
குளச்சல் ஐஸ் ஆலைக்கான செயலியை,
சோறு ஆறுவதற்குள் கட்டிக் காட்டினான்.
படகு எண், ஐஸ் பெட்டி, கடன் பாக்கி,
அமுக்கினால் மின்னும் ஒரு பச்சைப் பொத்தான்.
அழகாகத்தான் இருந்தது.
முப்பது நாள் இலவசம்.

இருபத்தாறாம் நாள் விலைப்பட்டியல் வந்தது.

இருக்கை ஒன்றுக்கு மாதம் நாற்பத்தைந்து டாலர்.
இருக்கை என்றால்
குழித்துறையில் அறுநூற்றைம்பதுக்கு வாங்கி
ஒரு கை உடைந்துபோன நாற்காலி அல்ல.
இருக்கை என்றால் ஆள்.
ஆள் என்றால் ஒரு மின்னஞ்சல் முகவரி.
எட்டு ஆள், பன்னிரண்டு மாதம், டாலர் எண்பத்தெட்டு,
அதன் தலையில் ஜிஎஸ்டி:
நாலு லட்சத்து நாற்பத்தெட்டாயிரத்துச் சொச்சம்.

பதினான்காம் பிரிவை
மூன்று முறை வாசித்த பிறகுதான் விளங்கியது.
செயலியைத் தொடுகிறவரும் பயனரே.
அவருக்கு மூன்று டாலர்.
இருநூற்றுப் பன்னிரண்டு படகு.
நடுக்கடலில் நின்றுகொண்டு வலை இழுக்கிறவனுக்கும்
ஒரு இருக்கை போட்டு வைத்திருக்கிறார்கள்.

ஆலை முதலாளி அந்தோணியடிமை
போனிலேயே சிரித்தார்.
"எத்தன பெட்டின்னு கேக்கதுக்கா பிள்ள இவ்வளவு பைசா?"

டென்னிசன் சார் சிரிக்கவில்லை.
தக்கலையில் ஒத்திக்கு வீடு எடுத்திருக்கிறவர் அவர்.
"ஒத்தின்னா மூணு வருஷம் கழிச்சு
பைசாவ எண்ணித் திருப்பித் தருவான்.
வாடகைன்னா கட்டிலத் தூக்கிட்டு வேற வீடு போவேன்.
இது ரெண்டும் இல்ல, கேட்டியா?
நாம கெட்டுன சுவரும் அவனுக்குத்தான்."

"ஒரே பாஸ்வேர்ட எல்லாரும் வச்சுக்கலாமே எக்கா,"
என்றான் ஷிபின், என் முகத்தைப் பார்க்காமல்.
ஒன்பதாம் பிரிவை அவன் பக்கம் திருப்பி வைத்தேன்.

பிறகு அந்த வேலை எனக்கு வந்தது:
சோதனை முடிவதற்குள்
எட்டை ஐந்தாக்கிப் பார்.
யாரை எடுப்பது.
வெள்ளிக்கிழமை மட்டும் வருகிற பையனை எடுத்தேன்.
பிரசவ விடுப்பில் இருக்கும் அஜிதகுமாரியை எடுத்தேன்;
வந்ததும் சேர்த்துக்கொள்ளலாம்,
தொண்ணூறு நாளுக்கு ஒரு முறை மாற்ற அனுமதி உண்டு.
மூன்றாவதாக என்னை.
எனக்கு வேறு ஒரு வரிசை இருந்தது:
பார்வையாளர், இலவசம்.
பார்க்கலாம். தொடக்கூடாது.

ஐந்தாகவும் கட்டுப்படியாகவில்லை.
படகுகளை யாராலும் குறைக்க முடியவில்லை.
முப்பதாம் நாள் நள்ளிரவில்
பச்சைப் பொத்தான் சாம்பலானது.

இப்போது ஷிபின் பழையதில்தான் எழுதுகிறான்.
இன்று நாலாம் நாள்.
என்னோடு பேச்சில்லை;
டீ மட்டும் எனக்கும் சேர்த்துச் சொல்கிறான்.

ஒன்றை நான் யோசிக்கவே இல்லை.
நீக்கினால் அந்தத் தளம் தானாகவே கடிதம் போடும்.
அதிகாலை மூன்றரைக்கு
அருமனையிலிருந்து அஜிதகுமாரி கூப்பிட்டாள்.
பின்னால் பிள்ளை அழுகிற சத்தம்.
குரலை மிகவும் அடக்கி, மரியாதையாக,
"எக்கா, என் இருக்கைய எடுத்துட்டோம்னு மெயில் வந்திருக்கு.
சார் ஒண்ணும் சொல்லலியே" என்றாள்.

டாலரிலிருந்து தொடங்கினேன்.
பதினான்காம் பிரிவு வரை வந்தேன்.
பிள்ளை அழுகை நின்று, பால் குடிக்கும் சத்தம் கேட்டது.
அவள் ஒன்றும் சொல்லவில்லை.

விடிந்ததும் ஆபீசுக்கு வந்து
கை உடைந்த நாற்காலியில் கிடந்த
பழைய பில் கட்டுகளைத் தரையில் இறக்கினேன்.
துடைத்து,
ஒரு படம் எடுத்து
அவளுக்கு அனுப்பினேன்.
நீல டிக் விழுந்திருக்கிறது.
இன்னும் பதில் இல்லை.